காசநோயாளியிடம் வரலாறு கேட்பது: “இதற்கு முன் இல்லை” என்று எழுதும் முன்

தேன்சிட்டு (பயிற்சி மருத்துவர்) எழுதியது:

வணக்கம். வார்டில் நடந்த ஒன்றை இங்கே வைக்கிறேன். மூத்தவர்களின் கருத்து எனக்கு வேண்டும். நாற்பதுகளில் இருக்கும் ஒருவர் இரண்டு மாத இருமல், மாலையில் ஏறும் காய்ச்சல், பசியின்மை, எடைக்குறைவு ஆகியவற்றோடு சேர்க்கப்பட்டிருந்தார். வரலாறு எடுத்தவன் நான். “இதற்கு முன் டிபி வந்திருக்கிறதா?” என்று கேட்டேன். “இல்லை டாக்டர்” என்றார். கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிவிட்டேன். மறுநாள் ரவுண்ட்ஸில் எங்கள் மூத்த மருத்துவர் அவர் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் மாத்திரை எப்போதாவது சாப்பிட்டிருக்கிறீர்களா ஐயா?” என்று கேட்டார். “ஆமாம், ஏழெட்டு வருடத்துக்கு முன் இரண்டு மாதம் போல சாப்பிட்டேன், உடம்பு தேறியதும் விட்டுவிட்டேன்” என்று அவர் உடனே சொன்னார்.

சிறுநீரை அப்படி நிறம் மாற்றுவது காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து. நான் எழுதிய ஒரே வரி முழுச் சிகிச்சையையும் தவறான பாதையில் கொண்டுபோயிருக்கக்கூடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கேள்வியை நான் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்? இன்னொரு ஐயமும் உண்டு. விடையைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்கக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்; ஆரஞ்சு நிறம் என்று நாமே எடுத்துக் கொடுப்பது சரியா?

நெடும்பாதை (மார்பு நோய் மருத்துவர்) எழுதியது:

அன்புள்ள தேன்சிட்டு, அவர் பொய் சொன்னார் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நீங்கள் ஒரு நோயின் பெயரைக் கேட்டீர்கள். அவருக்குத் தெரிந்ததோ தான் சாப்பிட்ட மாத்திரை. முன்பு காசநோய்க்குச் சிகிச்சை பெற்ற பலரிடம் அந்தப் பெயரை யாரும் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். “நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது”, “நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது”, “கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது” என்ற அளவில்தான் அவர்கள் அதை நினைவில் வைத்திருப்பார்கள். அதிலும் கழுத்துக் கட்டிக்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட்டவர், டிபி என்றால் இருமல் நோய் என்று நம்புகிறவராக இருந்தால், முழு நேர்மையோடு “இல்லை” என்றே சொல்வார்.

ஆகவே நான் நோயைக் கேட்பதில்லை, சிகிச்சையைக் கேட்கிறேன். மாதக்கணக்கில் தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டதுண்டா, நெஞ்சிலிருந்து ஊசி போட்டு நீர் எடுத்தார்களா, கட்டியில் ஊசி குத்திப் பரிசோதித்தார்களா, சளியை டப்பாவில் பிடித்து வரச் சொன்னார்களா, தினமும் ஊசி போட்டுக்கொண்ட காலம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, எங்காவது ஓரிடத்தில் நினைவு திறந்துகொள்ளும். திறந்த பிறகு அவசரப்படக் கூடாது. எந்த ஆண்டு, எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, இடையில் மாத்திரைகளின் எண்ணிக்கை குறைந்ததா, கடைசியில் சளியை மறுபடி பரிசோதித்தார்களா, நிறுத்தச் சொன்னது மருத்துவரா அல்லது அவரே நிறுத்திக்கொண்டாரா, பழைய எக்ஸ்-ரேயோ சீட்டோ வீட்டில் இருக்கிறதா என்பவை எல்லாம் வேண்டும். வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என்ற நான்கும், அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டும் கொடுக்கப்படுவதால், “முதலில் நிறைய இருந்தது, பிறகு குறைத்தார்கள்” என்று ஒருவர் சொன்னால் அவர் இரண்டாம் கட்டத்தை எட்டினார் என்று பெரும்பாலும் கணிக்கலாம். உங்கள் நோயாளி அதை எட்டினாரா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு சோதனைதான் இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பை, அதாவது கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாத நிலையை, காட்டிவிடுகிறதே, பழைய கதை எதற்கு என்று இளையவர்கள் சிலர் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010இல் எக்ஸ்பெர்ட் என்ற மூலக்கூறு சோதனையை ஏற்றுப் பரிந்துரைத்ததற்குப் பின் நம் வேலை பெரிதும் எளிதாகியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த அடிப்படைச் சோதனை ஐசோனியாசிட் எதிர்ப்பைச் சொல்வதில்லை. அதோடு, செத்த கிருமியின் மரபணுப் பொருளையும் அது கண்டுபிடித்துவிடும். சில ஆண்டுகளுக்குள் சிகிச்சை முடித்த ஒருவரிடம் பாசிட்டிவ் என்று வரும் முடிவு புதிய நோயாகவும் இருக்கலாம், பழைய நோயின் எச்சமாகவும் இருக்கலாம். வரலாறு தெரியாதவர் அந்தச் சோதனை முடிவைக்கூடச் சரியாகப் படிக்க முடியாது.

வெண்பஞ்சு (செவிலியர்) எழுதியது:

மருத்துவர்கள் இருவரும் கேள்வியைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்ட இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தேன்சிட்டு, நீங்கள் கேட்டபோது பக்கத்துப் படுக்கைக்கும் அவருக்கும் இடையில் திரை இருந்ததா? உறவினர் யாராவது நின்றிருந்தார்களா? வார்டில் ஒருவரிடம் “டிபி” என்ற சொல்லை உரக்கச் சொன்னால் நான்கு படுக்கைகள் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு நடுவே எவரும் “ஆமாம்” என்று சொல்ல மாட்டார்.

நான் உறவினர்களிடம் ஏதாவது வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, நோயாளியை ஜன்னல் ஓரத்துக்கோ வராந்தாவுக்கோ அழைத்துக்கொண்டு போய்விடுவேன். இதில் இரண்டு பயன்கள் உண்டு. அவருக்குத் தனிமை கிடைக்கிறது. காற்று ஓடும் இடத்தில் உட்காருவதால் நமக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. அவர் முகக்கவசம் அணிய வேண்டிய காரணத்தை முதலிலேயே அமைதியாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கவசத்தை நீட்டிவிட்டு இரண்டடி பின்வாங்கி நின்று கேள்வி கேட்டால், அவர் தரும் பதில்களும் இரண்டடி பின்வாங்கியே நிற்கும். சளி மாதிரியையும் திறந்த வெளியில்தான் எடுக்கச் சொல்ல வேண்டும்; மூடிய அறையில் வரலாறும் சளியும் சேர்த்து எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

உறவினரை அனுப்புவது என்பது அவரை ஒதுக்குவதாகாது. எடை குறைந்ததையும் இரவில் இருமிய நேரத்தையும் நோயாளியைவிட வீட்டில் இருப்பவரே நன்றாகச் சொல்வார். முதலில் தனியாக நோயாளியிடம், பிறகு நோயாளியின் சம்மதத்தோடு வீட்டாரிடம் என்பதே என் வரிசை.

மறுகரை (சிகிச்சை முடித்தவர்) எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். முழுச் சிகிச்சை எடுத்துக் குணமானவன். “இல்லை” என்று பொய் சொன்ன நோயாளிகளில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

என்னை முதலில் விசாரித்த மருத்துவர் நல்லவர்தான். ஆனால் என்னோடு வந்தவர் என் மேலாளர். வேலையிடத்தில் மயங்கி விழுந்ததால் அவரே அழைத்து வந்திருந்தார். அவர் காதுபட அந்தக் கேள்வி வந்தபோது, பழைய நோயைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற ஒன்று மட்டுமே எனக்குத் தோன்றியது. அதன் பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தேன். முதலில் பொய் சொல்லியாயிற்று, இப்போது மாற்றிச் சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம் தடுத்தது. மூன்றாம் நாள் ஒரு மருத்துவர் வந்து, “முதல் நாள் எல்லாம் நினைவுக்கு வராது, இப்போது ஏதாவது ஞாபகம் வந்திருந்தால் சொல்லுங்கள், சேர்த்து எழுதிக்கொள்கிறேன்” என்றார். எனக்கு வெளியே வர ஒரு வாசலை அவர் திறந்துவிட்டார். அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். “ஏன் மருந்தை விட்டீர்கள்?” என்ற கேள்வி எங்கள் காதில் குற்றச்சாட்டாகவே விழும். அதற்கு நாங்கள் தரும் முதல் பதில், உங்களுக்குக் கோபம் வராத பதிலாகத்தான் இருக்கும். “உடம்பு தேறியதும் விட்டுவிட்டேன்” என்பது அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம்.

நெடும்பாதை எழுதியது:

மறுகரை அவர்களே, இதை எழுதியதற்கு நன்றி. கைவிட்டவர், தப்பியோடியவர் என்ற பொருள் தரும் பழைய சொல்லை உலக சுகாதார நிறுவனமே 2013இல் மாற்றி, தொடர் கண்காணிப்பிலிருந்து விடுபட்டவர் என்ற வரையறையைக் கொண்டுவந்தது. “சந்தேக நோயாளி” என்பதும் அப்போதுதான் போனது. ஆனால் கேஸ் ஷீட்டில் சொல் மாறினாலும் நம் குரல் மாறவில்லை. நான் இப்போது, “இவ்வளவு மாத்திரையை இத்தனை மாதம் சாப்பிடுவது எல்லாருக்கும் கடினம், உங்களுக்கு எது மிகவும் கஷ்டமாக இருந்தது?” என்று கேட்கிறேன். விட்டாரா, இல்லையா என்பது அந்தப் பதிலுக்குள்ளேயே வந்துவிடும்.

குறிஞ்சிப்பூ (பொது மருத்துவர்) எழுதியது:

தேன்சிட்டின் இரண்டாவது ஐயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. ஆரஞ்சு நிறச் சிறுநீர் என்று நாமே எடுத்துக் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்டவருக்கும் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும். மஞ்சள் காமாலையிலும் நிறம் மாறும். “ஆமாம்” என்று அவர் சொன்னவுடன் முன்பு காசநோய்ச் சிகிச்சை பெற்றவர் என்று எழுதிவிட்டால், முதல் நாள் செய்த அதே பிழையை எதிர்த்திசையில் செய்கிறோம். திறந்த கேள்வியில் தொடங்கி, அதில் ஒன்றும் கிடைக்காதபோதுதான் இத்தகைய குறிப்பான கேள்விக்குப் போக வேண்டும். போன பிறகு, வேறு இரண்டு மூன்று விவரங்களாவது அதோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ரிஃபாம்பிசின் என்றால் கண்ணீர், வியர்வை, எச்சில்கூட நிறம் மாறும். சட்டையின் கைக்குழியில் கறை பட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

வரலாறு என்றால் பழைய காசநோய் மட்டுமே என்பதுபோல இந்த உரையாடல் போய்க்கொண்டிருப்பதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. வேறு நோய்களையும் வேறு மருந்துகளையும் கேட்காத காசநோய் வரலாறு பாதி வரலாறுதான். சர்க்கரை நோய், எச்ஐவி தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு, மது, புகை, கல் உடைக்கும் வேலையில் படியும் சிலிக்கா தூசு ஆகிய ஒவ்வொன்றும் உறங்கும் கிருமியை எழுப்பக்கூடியவை. மூட்டு வலிக்கோ தோல் நோய்க்கோ வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், “வலி மாத்திரை” என்றுதான் அதைச் சொல்வார். சாப்பிட்டால் முகம் உப்பியதா, பசி கூடியதா என்று கேட்டால் விடை கிடைக்கும்.

சமீபத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கைக் கேட்க மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இருமலுக்காக லீவோஃபிளாக்சசின் போன்ற ஒன்றைப் பத்து நாள் சாப்பிட்டவருக்குக் காய்ச்சல் குறையும். எடுத்த சளியில் கிருமி தெரியாமலும் போகலாம். சில வாரங்களில் எல்லாம் திரும்பி வரும். “மருந்து கேட்டது, பிறகு மறுபடி வந்தது” என்று நோயாளி சொன்னால் அது நிமோனியா என்று நினைத்துவிடக் கூடாது. பெண்களிடம் கர்ப்பத்தையும் கருத்தடை மாத்திரையையும், இதயநோய் உள்ளவரிடம் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினையும், எச்ஐவி உள்ளவரிடம் அதற்கான மருந்தான டோலூடெக்ராவிரையும் கேட்காமல் ரிஃபாம்பிசின் எழுதக் கூடாது. இந்த மருந்துகள் எல்லாவற்றின் அளவையும் ரிஃபாம்பிசின் உடம்பில் குறைத்துவிடும். வலிப்பு மருந்து சாப்பிடுகிறவரிடமும் இதே கவனம் வேண்டும்.

தேன்சிட்டு எழுதியது:

மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. “இரண்டு மாத இருமல்” என்று நான் எழுதியதும் இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அறிகுறிகளின் காலத்தை நீங்கள் எல்லாம் எப்படி உறுதி செய்கிறீர்கள்?

நெடும்பாதை எழுதியது:

தேதியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, நிகழ்ச்சியை வைத்திருப்பார்கள். அவர் குடும்பத்தில் நடந்த ஏதாவது ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு, அப்போது இருமல் இருந்ததா, மாடிப்படி ஏற முடிந்ததா என்று கேளுங்கள். புகைபிடிப்பவரிடம் இன்னும் கவனம் வேண்டும். அவருக்கு ஆண்டுக்கணக்காக இருமல் இருக்கும், அதனால் அதைக் குறையாகவே சொல்ல மாட்டார். அவரிடம் கேட்க வேண்டியது இருமல் இருக்கிறதா என்பதல்ல; இருமலின் குணம் எப்போது மாறியது என்பதே. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் என்ற அளவுகோல் நம்மை எச்சரிப்பதற்காக வந்தது. அதற்குக் குறைந்தால் காசநோய் இல்லை என்று சொல்வதற்காக அல்ல. மக்களிடையே நடத்தப்பட்ட பல நாட்டுக் கணக்கெடுப்புகளில், சளியில் கிருமி உறுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தங்களுக்கு அறிகுறி ஏதும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள்.

இரவு வியர்வை என்பதை நான் எளிதில் எழுதுவதில்லை. புழுக்கத்தில் எல்லாருக்கும் வியர்க்கும். உடை நனைந்து எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா, தலையணை ஈரமானதா என்று கேட்பேன். எடை பார்க்காதவரிடம் பெல்ட்டின் ஓட்டை, மோதிரம், ரவிக்கை ஆகியவற்றைக் கேட்டால் போதும். பசி இருந்தும் எடை குறைந்ததா, பசியே இல்லையா என்பதைச் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் பசியோடு எடை குறைபவருக்குச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

இரத்தம் வந்தது என்றால் அங்கே நின்று நிதானித்துக் கேட்க வேண்டும். இருமியபோது வந்ததா, வாந்தியில் வந்ததா, மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கியதா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். நுரைத்த செந்நிற இரத்தம் நுரையீரலைக் காட்டும். உணவுத் துகளோடு காப்பித்தூள் போன்ற கருநிறம் இரைப்பையைக் காட்டும். கோடுகோடாக வந்ததா, கரண்டி அளவா, டம்ளர் அளவா என்று வீட்டுப் பாத்திரங்களை வைத்து அளவு கேளுங்கள். பயத்தில் அளவு பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். அதற்காக நோயாளி சொன்னதைக் குறைத்து எழுதக் கூடாது. முன்பு சிகிச்சை முடித்தவருக்கு வரும் இரத்தம், நோய் திரும்பியதால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய குழியில் வளர்ந்த பூஞ்சைக் கட்டியாலும், விரிந்து போன மூச்சுக்குழாயாலும், புற்றுநோயாலும் வரலாம். சளியில் கிருமி இல்லாதபோது அவருக்கு மறுபடி ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குறிஞ்சிப்பூ எழுதியது:

நுரையீரலுக்கு வெளியே உள்ளதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்கிறேன். குரல் கம்மியதா, கழுத்தில் கட்டி உண்டா, படுத்தாலும் போகாத முதுகுவலியும் கால் தளர்ச்சியும் உண்டா, வாரக்கணக்கில் தலைவலியும் வாந்தியும் உண்டா, வயிறு உப்பியதா, மாதவிலக்கு மாறியதா என்று தலையிலிருந்து கால்வரை ஓடிவிட வேண்டும். எச்ஐவி உள்ளவரிடம் இது இன்னும் முக்கியம். எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவருக்கு இருமலும் இரத்தமும் குறைவாகவே இருக்கும்.

சிறுதளிர் (குழந்தை மருத்துவர்) எழுதியது:

எங்கள் பிரிவில் வரலாறு தலைகீழாகத் தொடங்கும். குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது, கிருமியும் குறைவு. எனவே பெரும்பாலும் வரலாறுதான் எங்கள் முதன்மைச் சான்று. குழந்தையின் அறிகுறியைக் கேட்பதற்கு முன்பே, அந்த வீட்டில் இருமுகிறவர் யார் என்று கேட்கிறோம். அடுத்தது எடை அட்டை. குழந்தைக்கு எடை குறைய வேண்டும் என்பதில்லை, ஏறாமல் நின்றாலே போதும். மூன்றாவது விளையாட்டு; “முன்பு போல ஓடுவதில்லை, மடியிலேயே இருக்கிறான்” என்று தாய் சொன்னால் நான் பேனாவை எடுத்துவிடுவேன்.

பெரியவர்களைப் பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நோயாளியின் வரலாற்றில் “வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்” என்ற கேள்வி குடும்ப வரலாறு என்ற தலைப்பின்கீழ் “குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை” என்று முடிந்துவிடுகிறது. பெயர், வயது, எந்த அறையில் தூங்குகிறார்கள் என்பதுவரை எழுதுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொற்று ஏற்பட்டால் அது நோயாக மாறும் வாய்ப்பும், மூளைக்காய்ச்சலாகப் பரவும் வாய்ப்பும் மிக அதிகம். நோய் இல்லை என்று உறுதி செய்தபின் தடுப்பு மருந்து கொடுத்து அதைத் தவிர்க்க முடியும். உங்கள் ஒரு வரி எங்களுக்கு வந்து சேராததால், அதே வீட்டுக் குழந்தை சில மாதங்கள் கழித்து நினைவிழந்து வருவதை நாங்கள் பார்க்கிறோம்.

வெண்பஞ்சு எழுதியது:

தேன்சிட்டு, மருந்து தொடங்கும் முன் இன்றைய நிலையையும் எழுதி வையுங்கள். கண்பார்வை எப்படி, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, கால் எரிச்சல் இருக்கிறதா, மூட்டு வலி உண்டா, முன்பு கண் மஞ்சளானதா, மது எவ்வளவு என்பவை முதல் நாளே பதிவாகியிருந்தால்தான், இரண்டாம் மாதத்தில் அவர் குறை சொல்லும்போது அது எத்தாம்பியூட்டாலால் வந்ததா, ஐசோனியாசிடால் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியும்.

தேன்சிட்டு எழுதியது:

இன்று மாலை அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய், மறுகரை சொன்னபடி, “முதல் நாள் எல்லாம் ஞாபகம் வராது” என்று தொடங்கினேன். நாற்பது நிமிடம் பேசினார்.

உடம்பு தேறியதால் அவர் மருந்தை விடவில்லை. ஏழாவது வாரத்தில் வாந்தி தொடங்கியிருக்கிறது. பிறகு கண் மஞ்சளாகியிருக்கிறது. பயந்துபோய் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, கேட்டால் திட்டுவார்கள் என்று அந்த மருத்துவமனைக்குத் திரும்பவே போகவில்லை. மாத்திரைகளின் எண்ணிக்கை கடைசிவரை குறையவில்லை என்பதால் முதல் கட்டத்தையே அவர் முடிக்கவில்லை. நெடும்பாதை ஐயா கேட்கச் சொன்ன அந்தக் கேள்விக்குத்தான் இந்த விடை கிடைத்தது. சட்டையில் கறை படிந்ததாக மனைவி சத்தம் போட்டதும் அவருக்கு நினைவிருக்கிறது. இந்த முறை இருமல் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது, இரண்டல்ல. இடையில் ஆன்டிபயாடிக் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார், பெயர் தெரியவில்லை, அட்டையைத் தேடி எடுத்து வரும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

பழைய வரியை அடித்துத் தேதியிட்டுத் திருத்தி எழுதினேன். முன்பு மருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதை முதல் பக்கத்தில் எழுதி மூத்த மருத்துவரிடம் காட்டினேன். ஈரல் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு, எந்த மருந்துகள், எந்த வரிசை என்று முடிவு செய்வோம் என்றார். மூலக்கூறு சோதனைக்கும், கிருமியை வளர்த்து எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் சளி போயிருக்கிறது.

சிறுதளிர் அவர்களே, அவர் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். மூன்று வயதுப் பேத்தி அவர் பக்கத்திலேயே தூங்குகிறாள். ஒன்றரை மாதமாக எடை ஏறவில்லையாம். நாளைக் காலை அவளை அழைத்து வருகிறார்கள்.